ஐவர் ஆடும் ஒற்றை நடனம்

2007 நவம்பரில் வெளிவந்த ‘ஓம் சாந்தி ஓம்’ படத்தில் ‘தூம் தானா’ என்றொரு பாட்டு. தீபிகா படுகோனேவுக்கு அதுதான் முதல் இந்திப் படம். அதற்கு முன் அவர் கணக்கில் இருந்தவை கன்னடத்தில் ஒரு படம், ஹிமேஷ் ரேஷமியாவின் இசைக் காணொளி ஒன்று, மாடலிங். இந்த அனுபவத்தோடு வந்தவர் அந்தப் பாட்டில் சுனில் தத்தோடு ஆடுகிறார், ராஜேஷ் கன்னாவோடு ஆடுகிறார், ஜிதேந்திராவோடும் ஆடுகிறார். மூவரும் தங்கள் பழைய படங்களிலிருந்து கணினி வழியாகப் பெயர்த்தெடுத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். சுனில் தத் அப்போது உயிரோடே இல்லை. 2005 மே மாதம் காலமாகிவிட்டார். தீபிகா வாயசைக்கும் பாட்டுக்குக் குரல் ஸ்ரேயா கோஷலுடையது. அதே படத்தில் அவர் பேசும் வசனங்களுக்குக் குரல் கொடுத்தவர் டப்பிங் கலைஞர் மோனா கோஷ் ஷெட்டி. அசைவுகளை வகுத்தவர் படத்தின் இயக்குநரான ஃபரா கான். இவ்வளவும் தெரிந்த பிறகும் பாட்டைப் பார்த்து முடித்ததும் வாயில் வருவது ஒரே வாக்கியம்தான்: ‘அந்தப் பெண் என்னமாய் ஆடுகிறாள்!’ இந்த வாக்கியத்தின் எழுவாய் சரியா? பார்ப்பதற்குச் சினிமாக் கேள்வி போல இருந்தாலும், செயலைச் செய்பவர் யார் என்று இந்தியத் தத்துவ மரபு இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விதான் இது. அந்தப் பழைய கேள்விக்கு, முதல் படத்தில் முதல் பாட்டுக்கு ஆட வந்து நிற்கும் ஒரு புதுமுகத்தின் நிலைமையைவிடத் தெளிவான சோதனைச்சாலை கிடைப்பது அரிது.

அந்த நிலைமையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பாட்டு முன்னதாகவே ஒலிப்பதிவாகி முடிந்திருக்கும். 1935இல் நிதின் போஸின் ‘தூப் சாவோன்’ படத்தோடு பின்னணிப் பாட்டு முறை இந்தி சினிமாவுக்கு வந்தது. பாடும் தொண்டையும் ஆடும் கால்களும் ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டிய கட்டாயம் அதிலிருந்து போயிற்று. தளத்தில் பாட்டின் ஓரிரு வரிகளை மட்டும் ஒலிபெருக்கியில் ஓடவிடுவார்கள். டான்ஸ் மாஸ்டரின் உதவியாளர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எட்டு வரை எண்ணிக்கொண்டே ஆடிக்காட்டுவார். எண்ணிக்கை ஒன்றிரண்டு சுற்று முடிவதற்குள் ‘கட்’. விளக்கை மாற்றுவார்கள், புடவை மடிப்பைச் சரிசெய்வார்கள், மறுபடி அதே வரி. சரணத்தை முதலில் எடுத்துவிட்டுப் பல்லவிக்குப் பிறகு வருவார்கள். ஒரே பாட்டு பல நாள், சில சமயம் பல ஊர்களில் எடுக்கப்படும். ஒரு கை நீள்வது ஒரு நாள், அந்தக் கை மடங்குவது வேறொரு நாள் என்றுகூட ஆகலாம். இதைவிட வினோதம், மெதுவாக நகரும் காட்சிகளில் இருக்கிறது. நொடிக்கு 24 பிரேமுக்குப் பதிலாக 48 பிரேம் எடுக்கும்போது உதட்டசைவு பாட்டோடு பொருந்த வேண்டுமென்றால், தளத்தில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். அரக்கப்பரக்க ஆடியதுதான் திரையில் அன்னநடையாகத் தெரிகிறது. அந்த நளினம் தளத்தில் எந்தக் கணத்திலும் நிகழவில்லை. ஆடியவரே திரையில்தான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதை முன்பே யோசித்து வைத்தது போலப் பேசுகிறது. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் என்று அது பட்டியலிடுகிறது: செயல் நிகழும் இடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அடுத்த சுலோகம், மனிதன் உடலாலும் வாக்காலும் மனத்தாலும் தொடங்கும் எல்லாச் செயலுக்கும் இது பொருந்தும் என்கிறது. அதற்கடுத்தது, இப்படியிருக்கத் தன்னை மட்டுமே கர்த்தாவாக, அதாவது செய்பவனாகக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்று முடிக்கிறது. உடல், வாக்கு, மனம் என்ற மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதால்தான் ‘நான் செய்தேன்’ என்ற உணர்வு நமக்கு அவ்வளவு இயல்பாக வருகிறது. ‘தூம் தானா’வில் அந்த மூன்றும் தனித்தனியாகக் கழன்று நிற்கின்றன. உடல் தீபிகாவுடையது, வாக்கு ஸ்ரேயாவுடையது, அந்த உடல் எப்போது எப்படித் திரும்ப வேண்டும் என்று நினைத்த மனம் ஃபரா கானுடையது. கருவிகளுக்கோ கணக்கில்லை: கேமரா, ட்ராலி, எடிட்டிங் மேசை, இறந்தவரைப் பெயர்த்தெடுத்த மென்பொருள். ஒரு சராசரி மனிதச் செயலில் ஒன்றாகக் கலந்துகிடப்பதை இந்த வேலை தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. புதுமுகத்துக்கு இது இன்னும் துல்லியமாகத் தெரியும் வாய்ப்பு உண்டு. நட்சத்திரமான பிறகு, எல்லாமே தன்னைச் சுற்றி நடப்பதாகத் தோன்றும்படி அந்தத் தளமே ஏற்பாடாகிவிடுகிறது; வந்த புதிதில் அந்த வசதி கிடையாது.

‘இது வெறும் வேலைப் பங்கீடு, இதற்குக் கீதை எதற்கு?’ என்று ஒருவர் கேட்கலாம். கட்டடத்தைக் கொத்தனார், தச்சர், மின்பணியாளர் எல்லாரும் சேர்ந்துதான் எழுப்புகிறார்கள். அங்கே யாரும் தத்துவம் பேசுவதில்லையே. நியாயமான கேள்வி. ஆனால் கட்டடமும் நடனமும் ஒரு வகையில் நேரெதிர். கொத்தனார் போன பிறகும் சுவர் நிற்கிறது. செய்தவரும் செய்யப்பட்டதும் இரு வேறு பொருள்கள். நடனத்துக்கு ஆடுபவரின் உடலைத் தவிர இருப்பே கிடையாது. ஆடுவது நின்றால் நடனமும் இல்லை. ஆகையால் செய்பவரையும் செயலையும் பிரிக்கவே முடியாத இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் எவரும் நடனத்தைத்தான் காட்டுவார்கள். தனி ஒருவரே கர்த்தா என்ற நம்பிக்கைக்கு அது கடைசிக் கோட்டை. அந்தக் கோட்டையிலேயே இறந்துபோன ஒருவர் புதிதாக ஒரு பெண்ணோடு ஆடமுடிகிறது என்றால், மற்றச் செயல்களில் ‘நானே செய்தேன்’ என்பதற்கு எவ்வளவு வலு மிஞ்சும்?

மேடை நடனத்தைப் போற்றுகிறவர்கள் வேறொரு மறுப்போடு வருவார்கள். இதெல்லாம் சினிமாவின் பித்தலாட்டம்; மேடையில் ஆடுபவர் முழுமையாகத் தானே ஆடுகிறார், அங்கே வெட்டும் ஒட்டும் இல்லை. இதில் பாதி உண்மை. ஒரு வர்ணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை இடைவிடாமல் கொண்டுசெல்லும் காலம் மேடைக் கலைஞருக்குச் சொந்தம். சினிமாவில் அந்தக் காலம் எடிட்டருக்குப் போய்விடுகிறது. இந்த இழப்பு சின்னதில்லை. இருந்தாலும் பரதநாட்டியத்திலும் பாடுபவர் வேறு, நட்டுவாங்கம் செய்பவர் வேறு, பதம் எழுதியவர் எந்தக் காலத்திலோ வாழ்ந்தவர், அடவுகள் தலைமுறை தலைமுறையாக வேறு உடல்களில் இருந்து வந்தவை. ஐந்து காரணங்களும் அங்கேயும் உண்டு. ஒரே மேடையில் ஒரே நேரத்தில் கூடியிருப்பதால் பிரிவு கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகையில் நடனப் பெண் ஓர் உவமையாக வருகிறாள்: அரங்கத்துக்குத் தன்னைக் காட்டிவிட்டு ஆட்டக்காரி ஓய்வது போல, பார்த்துநிற்கும் ஆன்மாவான புருஷனுக்குத் தன்னைக் காட்டிவிட்டு, இயற்கையான பிரகிருதி ஓய்கிறது. பார்க்கப்பட்டதோடு ஆட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிடுகிறது என்பது அங்கே கருத்து. சினிமாவில் ஆட்டக்காரி ஓய்ந்த பிறகும் ஆட்டம் ஓயவில்லை. அந்த ஆட்டம் முடியும் இடத்தை மேடையில் அவள் தீர்மானித்தாள். இங்கே அவள் இறந்தாலும் அது முடியாது. சாங்கியருக்கு இப்படியொரு நிலை தோன்றியிருக்க வழியில்லை. தோன்றியிருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்கள்.

எண்ணிக்கைக்கு ஆடி, எண்ணிக்கைக்குச் சிரிக்கும் இந்த ஆட்டத்தில் உணர்ச்சி எங்கே என்பது அடுத்த சந்தேகம். புதுமுகம் கேமராவுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு துண்டு டேப்பைக் காதலோடு பார்க்க வேண்டியிருக்கும். காதலன் அன்றைக்கு வேறொரு படப்பிடிப்பில் இருப்பார். ‘தூம் தானா’வில் காதலர்களில் ஒருவர் அப்போதே உலகத்தில் இல்லை. அப்படியானால் திரையில் நாம் காணும் மகிழ்ச்சி பொய்யா? இதற்குப் பதில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காசுமீரத்தில் எழுதப்பட்டுவிட்டது. பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு உரை எழுதிய அபிநவகுப்தர், ரசம் நடிகரிடத்தில் இருப்பதில்லை, பார்க்கும் சுவைஞரிடத்தில்தான் விளைகிறது என்று வாதிட்டார். நடிகர் உண்மையாகவே துக்கப்பட்டால் தாளம் தவறும், வசனம் மறக்கும். அவருக்கு வேலை ஓடாது. ‘தூம் தானா’ காட்சியின் அமைப்பே இந்தக் கொள்கைக்கு விளக்கப்படம் போல இருக்கிறது. கதைப்படி ஷாருக் கான் நடிக்கும் ஓம் ஒரு துணை நடிகன். திரையரங்கில் உட்கார்ந்து தன் கனவு நாயகியின் புதுப்படத்தைப் பார்க்கிறான். பார்க்கப் பார்க்க, அந்தப் பழைய நாயகர்களின் இடத்தில் தானே ஆடுவதாகக் கற்பனை செய்கிறான். ஆடியவர்கள் துண்டு துண்டாக ஆடினார்கள்; ஆட்டம் முழுதாகக் கூடியது இருட்டில் உட்கார்ந்திருந்தவனிடத்தில். ஃபரா கான் அபிநவகுப்தரை நினைத்து இதை எடுத்திருக்கமாட்டார் என்று தாராளமாகப் பந்தயம் கட்டலாம். ஒரு கொள்கை உண்மையாக இருந்தால் அதைப் படிக்காதவர்கள் கையிலும் வெளிப்படும்.

ஐந்தாவது காரணத்துக்கு வருவோம். 2000 ஜனவரியில் வெளியான ‘கஹோ நா... பியார் ஹை’ ஹிருத்திக் ரோஷன் கதாநாயகனாக அறிமுகமான படம். ‘ஏக் பல் கா ஜீனா’ பாட்டில் அவர் ஆடிய ஆட்டம் ஒரே நாளில் அவரை நாடறியச் செய்தது. அந்த நடனத்துக்காக ஃபரா கான் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். குரல் லக்கி அலியுடையது. இங்கே தெய்வத்தின் பங்கு எது என்று கேட்டால், குறும்பாக ஒரு பதில் சொல்லலாம்: ஐந்தாவது காரணத்தின் பெயர் அப்பா. படத்தை எடுத்து இயக்கியவர் தந்தை ராகேஷ் ரோஷன். இசை, சித்தப்பா ராஜேஷ் ரோஷன். நான்கு காரணங்களையும் நிறைவாக வைத்துக்கொண்டு ஐந்தாவது அமையாமல் போனவர்களும் உண்டு. மாதுரி தீட்சித்தின் முதல் படமான ‘அபோத்’ 1984இல் வந்து ஓடாமல் போனது. அதே உடல், அதே கதக் பயிற்சி. 1988இல் ‘தேசாப்’ வந்து ‘ஏக் தோ தீன்’ ஒலித்த பிறகுதான் அவர் மாதுரி ஆனார். தெய்வம் என்ற சொல்லை வைத்துப் பிறப்பின் சலுகையை நியாயப்படுத்தலாமே என்ற அச்சம் இங்கே எழும். எழ வேண்டும். சாதிக்கும் செல்வத்துக்கும் முற்பிறப்பு வினையைக் காரணம் காட்டி வாயடைத்த வரலாறு நம்முடையது. ஆனால் கீதையின் பட்டியல் ஐந்தாவதைக் காரணம் என்று சொல்கிறதே தவிர, தகுதி என்று சொல்லவில்லை. ‘என் திறமையால் வந்தேன்’ என்று வாரிசு நடிகர் மார்தட்டும்போது, ஐந்தாவது காரணத்தைப் பெயர் சொல்லி நினைவூட்டுவதற்கும் இதே பட்டியல் உதவும்.

இதுவரை சொன்னதை வைத்து, ஆடியவர் ஒன்றுமே செய்யவில்லை என்று முடிவுகட்டுவது எதிர்த்திசைப் பிழை. சினிமாவைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பிழையில்தான் விழுகிறார்கள்: எல்லாம் கேமரா, எல்லாம் எடிட்டிங், பொம்மை போல நின்றால் போதும். திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா 1951இல் ஏ.வி.எம்.மின் ‘பஹார்’ வழியாக இந்திக்குப் போனார். ‘சையா(ன்) தில் மே ஆனா ரே’ பாட்டில் குரல் ஷம்ஷாத் பேகம், இசை எஸ்.டி. பர்மன். மொழி அவருடையதில்லை, குரல் அவருடையதில்லை, ஊர் அவருடையதில்லை. ஆனாலும் அந்த உடலில் பரதநாட்டியம் ஊறியிருந்தது. எந்த கேமராவும் அதைக் கடனாகக் கொடுத்திருக்க முடியாது. தென்னிந்தியாவிலிருந்து பிறகு ஒரு வரிசையே போகும்படி அவர் வழி திறந்தது அந்தக் கால்களால்தான். ஹிருத்திக்குக்கு இருபத்தோரு வயதில் முதுகெலும்பு வளைந்திருப்பது கண்டறியப்பட்டது, ஆடவே கூடாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள் என்பதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அப்பா படம் எடுத்துத் தரலாம். முதுகெலும்பை நிமிர்த்தித் தர முடியாது. ஐந்தில் ஒன்று என்பது ஒன்றுமில்லை என்பதாகிவிடாது.

இந்த ‘ஐந்தில் ஒன்று’ எவ்வளவு கனமானது என்பதில்தான் வேதாந்திகள் பிரிகிறார்கள். ஆன்மா கர்த்தாதான் என்று பிரம்ம சூத்திரம் சொல்கிறது. அதற்குத் தச்சனை உதாரணம் காட்டுகிறது. சங்கரர் அதை விளக்கும்போது, உளியும் வாளும் கையில் இருக்கும்வரை தச்சன் செய்பவன், பாடுபடுகிறவன். கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் நிம்மதியானவன் என்கிறார். கர்த்தாவாக இருப்பது ஆன்மாவின் இயல்பன்று, கருவிகளோடு சேர்ந்ததால் வந்து ஒட்டியது என்பது அவர் முடிவு. ‘பேக்கப்’ சொன்னதும் ஒப்பனையைத் துடைத்துவிட்டுப் போகும் நடிகைக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் இதை ஏற்கவில்லை. ஆன்மா உண்மையாகவே கர்த்தா. ஆனால் அது இறைவனின் அனுமதியோடு செயல்படும் கர்த்தா. முதல் முயற்சி ஆன்மாவுடையது, அதைப் பார்த்து இறைவன் அனுமதிக்கிறான். இருவருக்கும் பொதுவான ஒரு சொத்தை உதாரணமாகக் காட்டுகிறார். ஒருவர் அதை மூன்றாமவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பங்காளியின் சம்மதம் வேண்டும். ஆனாலும் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றுக் கொடுத்தவர் அவரே, பலனும் அவருக்கே. எனக்குச் சங்கரரின் விளக்கம் அழகாகவும் இராமானுசரின் விளக்கம் சரியாகவும் தெரிகிறது. பாட்டு, ஸ்டெப், வெளிச்சம், எண்ணிக்கை எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. ‘ஆக்‌ஷன்’ என்ற சொல்லுக்குப் பின் அந்தக் கால் எழும் முதல் அசைவை வேறு யாரும் அவருக்காகச் செய்துவிட முடியாது. அது எழாவிட்டால் மற்ற நான்கு காரணங்களும் வாடகை மீட்டர் ஓட ஓடக் காத்துக்கிடக்கும்.

எல்லாவற்றிலும் கடுமையான எதிர்ப்பு இனித்தான். ‘நீ கர்த்தா இல்லை, பலனில் உனக்கு உரிமை இல்லை’ என்ற உபதேசம் யாருக்கு வசதி? முதலாளிக்குத்தானே. நாயகிக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆடும் குரூப் டான்சர்களைப் பாருங்கள். அதே வெயில், அதே எண்ணிக்கை, பெரும்பாலும் நாயகியைவிடச் சுத்தமான அசைவு. திரையில் பெயர் கிடையாது. அவர்களிடம் போய் ‘பலனைத் துற’ என்று சொல்வது அயோக்கியத்தனம். ‘ஏக் தோ தீன்’ இதற்கு நல்ல சான்று. அதன் நடனத்தை அமைத்த சரோஜ் கான் ஒருகாலத்தில் குரூப்பில் ஆடியவர். அந்தப் பாட்டின் வெற்றிக்குப் பிறகே ஃபிலிம்ஃபேர், நடன அமைப்புக்கென்று ஒரு விருதை ஏற்படுத்தியது. முதல் விருது அவருக்கு. பாடிய அல்கா யாக்னிக்கும் அந்த ஆண்டு விருது. அதுவரை எத்தனை மாஸ்டர்களின் வேலை நாயகியின் பெயரில் கரைந்திருக்கும்! கர்த்தா ஒருவரே என்ற நம்பிக்கைதான் இந்தத் திருட்டுக்கு மூலதனம். ஐந்து காரணங்களையும் எண்ணத் தெரிந்தவர், ஐவருக்கும் பெயரும் கூலியும் போய்ச்சேர்ந்ததா என்று கேட்கவும் கடமைப்பட்டவர். கீதை பேசும் பலன்துறவு, தன் பலனைத் தானே விடுவது. அது அர்ச்சுனனிடம், வில்லேந்தும் வலு உள்ளவனிடம் சொல்லப்பட்டது. அடுத்தவர் பலனை எடுத்துக்கொண்டு அவருக்குத் துறவு கற்பிக்க அதில் ஒரு வரியும் இடம் தரவில்லை.

பழி விஷயத்திலும் இதே கணக்குதான். 1993இல் ‘கல்நாயக்’ படத்தின் ‘சோலி கே பீச்சே’ பாட்டு ஆபாசம் என்று நாடு முழுக்கச் சண்டை. நீதிமன்றம் வரை போனார்கள். வரி எழுதியவர் ஆனந்த் பக்ஷி, பாடியவர்கள் அல்கா யாக்னிக்கும் இலா அருணும், ஆட்டம் அமைத்தவர் சரோஜ் கான், படத்தை இயக்கியவர் சுபாஷ் காய். அந்தப் பெயர்களை அறியாதவருக்கும் பாட்டு என்றால் நினைவுக்கு வருவது மாதுரியின் முகமும் உடையும்தான். புகழை ஒரே உடலின்மேல் குவிப்பவர்கள் பழியையும் அதே உடலின்மேல் குவிப்பார்கள். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரு பலன்கள். புதுமுகத்துக்கு இது இன்னும் ஆபத்து. மாதுரி அந்த வேளையில் உச்சத்தில் இருந்தார், மறுக்கும் வலு இருந்தது. முதல் படத்தில் நிற்கும் பெண், இந்த உடையில் ஆடமாட்டேன், இந்தக் கோணம் வேண்டாம் என்று சொல்வதற்குத் தளத்தில் யாரும் இடம் வைத்திருப்பதில்லை. சொல்ல முடியாத இடத்தில் அவர் பங்கு குறைகிறது. ஆகவே அவர்மேல் சுமத்தும் பொறுப்பும் குறைய வேண்டும். இராமானுசர் கணக்கில் அனுமதி மேலிருந்து வருகிறது, முயற்சி கீழிருந்து எழுகிறது. படப்பிடிப்பில் பல சமயம் இது தலைகீழாகிறது: முயற்சியும் திட்டமும் மேலே, கீழே இருப்பவரிடம் சம்மதம் மட்டும் கேட்கப்படுகிறது, அதுவும் பாதி கேட்டதாக.

அப்படியே எல்லாவற்றையும் பிரித்துப் பங்குபோட்டுவிட்டால் ‘நான்’ கரைந்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ‘ஓம் சாந்தி ஓம்’ படத்திலேயே இதற்கொரு வேடிக்கையான சான்று உண்டு. மூத்த நடிகர் மனோஜ் குமாருக்குக் கையால் முகத்தை மறைக்கும் பாணி ஒன்று இருந்தது. அதைப் படத்தில் கேலி செய்தார்கள். அவர் புண்பட்டு நீதிமன்றத்துக்குப் போனார். நியாயமாகப் பார்த்தால் கேலிக்குள்ளானது ஒரு கையசைவு. அந்த அசைவும் எழுத்தாளர், கேமராமேன், ரசிகர் எல்லாரும் சேர்ந்து அவருக்குக் கொடுத்ததுதான். ஆனால் சுட்டது அவருக்குத்தான். அகங்காரம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படி ஒதுக்கமாட்டேன். உடலில் ஓர் அசைவு நெடுங்காலம் தங்கியிருந்தால், அது அந்த உடலுக்கு உரியதாகவே ஆகிவிடுகிறது. பொதுச்சொத்தில் தன் பங்கு போல.

சுனில் தத்துக்குத் திரும்பினால் வாதத்தின் கடைசி எல்லை தெரியும். அவர் தீபிகாவோடு ஆடவில்லை, ஆனால் ஆடினார். 1960களில் ஒரு தளத்தில், வேறொரு பாட்டுக்கு, வேறொரு பெண்ணுக்கு எதிரே அவர் கால் எழுந்தது உண்மை. அந்த முதல் முயற்சி அவருடையது. பிறகு அதை யார் எங்கே எடுத்து ஒட்டினாலும் அதில் அவர் பங்கு ஒரு துளியாவது இருக்கிறது. இன்றைக்கு அந்தத் துளியும் இல்லாமல் ஆட வைக்க முடிகிறது. 2023இல் ஒரு நடிகையின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய போலிக் காணொளி நாடெங்கும் பரவியது. அங்கே முகத்துக்கு உரியவர் அசையவே இல்லை, அசைந்தவருக்கு முகம் மறுக்கப்பட்டது; இருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கீதையின் பட்டியலில் ‘செய்பவன்’ என்ற இடத்தில் இவர்கள் இருவரில் எவரையும் வைக்க முடியாது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது, எங்கோ ஓர் அறையில் பொத்தானை அழுத்திய மூன்றாமவர். எல்லாக் காணொளியிலும் திரையில் தெரியும் உடலே கர்த்தா என்று நம்பிப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் படாது. அந்தக் கண் நடிகையிடம்தான் விளக்கம் கேட்கும். அடுத்த புதுமுகம் முதல் படத்துக்கு ஒப்பந்தம் போடும்போது, அவர் உடலை அளந்து கணினியில் ஏற்றிக்கொள்ளும் ஒரு நிபந்தனையும் அதில் இருக்கலாம். அந்தப் பத்தியில் கையெழுத்துப் போடுவதற்குமுன் அவர் கேட்க வேண்டியது, நான் அசையாத அசைவுகளுக்கு என் பெயர் வைக்கப்போகிறீர்களா என்பது. கேட்டால் பதில் சொல்லும் கடமை ஒப்பந்தத்தை நீட்டுபவருடையது.